காட்டோரக் கற்களும் நம் கமராக்களும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில், மாவடிப்பள்ளியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எங்கள் மாவடிப்பள்ளிக்கும் இந்த மண்டபத்துக்கும் நடுவே கிடப்பது வயல்வெளி ஒன்றுதான். சிறுவனாய் இருந்த காலத்தில், வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் வரம்பால் நடந்தே இங்கு வந்து விழாப் பார்த்துத் திரும்பியவன் நான். இன்று உங்கள் செயலாளர் தம்பி தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார். வரும்போதே, “சேர், அரை மணித்தியாலம் போதும்” என்று எச்சரித்தும் வைத்தார். வகுப்பறையில் மணி அடித்த பின்னும் பேசிப் பழகியவனுக்கு அது கடினமான கட்டளை. இயன்ற வரை அடங்கி நடப்பேன்.

நாட்டுப்புறங்களில் கிடக்கும் பழைய கற்சின்னங்களைச் சென்று காண்பதும் படம் பிடிப்பதும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்த மன்றத்து இளைஞர் பதினைந்து பேர் கதிரவெளிக்குப் போக இருக்கிறார்கள் என்று அறிந்ததாலேயே இதற்கு உடன்பட்டேன். போகுமுன் ஒரு கிழவனின் பிழையைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முதலில் அங்கே இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோரப் பாதையில், வாகரைக்கு அப்பால் உள்ளது கதிரவெளி. அவ்வூரில் காணப்பெற்றவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். பலகை போன்ற கற்களை மண்ணில் நிறுத்திப் பெட்டி போல் அமைத்து, மேலே ஒரு மூடுகல்லை வைத்து, இறந்தவரின் எலும்புகளையும் மட்பாண்டங்களையும் உள்ளே இட்ட முறை அது. இத்தகைய கல்லறைகளிலே கிடைக்கும் பானைகள் பெரும்பாலும் உட்புறமும் வாய்ப்புறமும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்தது என்பது பொதுவான விளக்கம். கூடவே இரும்புக் கருவிகளும் கிடைப்பதுண்டு. ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இது கற்காலம் அன்று. இரும்புக் காலத்தின் தொடக்கம். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் 1970ஆம் ஆண்டு கண்டறியப்பட்டுப் பின்னர் அகழப்பெற்ற கல்லறைகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 450 வரை என்று கணித்திருக்கின்றனர்.

தாழியில் இட்டுப் புதைக்கும் முறையும் இருந்தது. புத்தளப் பகுதியில் பொம்பரிப்பு என்னும் இடத்தில் அத்தகைய தாழிகள் வரிசையாகக் கிடைத்தன. 1923, 24ஆம் ஆண்டுகளில் ஹோகார்ட் என்பவரும், 1956, 57ஆம் ஆண்டுகளில் பி. ஈ. பி. தெரணியகலவும், மீண்டும் 1970இல் பிறரும் அங்கு அகழ்ந்தனர். மன்னார்க் குடாவுக்கு அக்கரையில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீ என்பவரும் கண்ட தாழிகளோடு இவற்றை ஒப்பிட்டு அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். தாழியில் கவிப்பது பற்றி மணிமேகலையும் புறநானூறும் பேசுகின்றன என்பது இங்கிருக்கும் தமிழாசிரியர்களுக்குத் தெரிந்ததே.

இனி என் கதைக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. வாப்பாவின் நண்பர் ஒருவரிடம் ஒரு பெட்டிக் கமரா இருந்தது. பன்னிரண்டு படம் எடுக்கும் சுருள் ஒன்றைக் கல்முனையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, நானும் இவ்வூர் நண்பர் ஒருவரும் புறப்பட்டோம். அந்த நண்பர் இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் போனது மேற்கே காட்டோரத்திலுள்ள ஒரு சிற்றூர். அதன் பெயரை மேடையில் சொல்லமாட்டேன். காரணம் பின்னர் விளங்கும். அங்கே ஒரு வட்டவிதானையார் எங்களைக் கூட்டிப்போய், செடிகொடிகளை விலக்கி, நிமிர்ந்து நின்ற மூன்று பலகைக் கற்களைக் காட்டினார். நான்காவது கல் சாய்ந்து கிடந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? பன்னிரண்டு படங்களில் ஒன்பது, எங்களையே நாங்கள் எடுத்துக்கொண்டவை. கல்லின் மேல் ஏறி ஒன்று, கல்லில் சாய்ந்து ஒன்று, கல்லுக்கு முன்னால் கைகட்டி ஒன்று. மூன்றில் மட்டும் கல் இருந்தது. அவற்றிலும் நடுப்பகல் வெயில் தலைக்கு நேரே நின்றதால் கல் வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது. திசை குறிக்கவில்லை, அளக்கவில்லை, விதானையார் அக்கல்லுக்கு அவ்வூரார் இட்டிருந்த பெயரைச் சொன்னார், அதையும் எழுதவில்லை. இன்றுவரை அந்தப் பெயர் என் நினைவுக்கு வரவில்லை.

பிறகு நாட்டு நிலைமை நீங்கள் அறிந்தது. பல்லாண்டுகள் அவ்வழியே போக முடியவில்லை. போர் ஓய்ந்த பின் 2012இல் மீண்டும் சென்றேன். விதானையார் காலமாகிவிட்டார். அவர் மகன், அவரும் முதியவர், சொன்னார்: “மனே, அந்தக் கல்லோ? அது றோட்டுக்குப் போயிற்று.” கல் உடைப்பவர்கள் வந்து சல்லியாக்கி ஏற்றிச் சென்றிருக்கிறார்கள். அதற்கு முன்பே புதையல் தேடி யாரோ அடியைத் தோண்டியிருந்தார்களாம். மிஞ்சிய ஒரு துண்டு அவர் வளவிலே கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. அதன் தடிப்பை அளந்தேன்; ஐந்து அங்குலம்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடி எடுத்தேன். அந்தக் கற்கள் நின்றதற்கு நானறிய வேறு சான்று இல்லை. என் நண்பரின் பற்கள் அதில் மிகத் தெளிவாக இருக்கின்றன. கல்லின் பாதியை அவர் முதுகு மறைத்துவிட்டது. ஆயினும் அவரே ஒரு வகையில் கைகொடுத்தார். கைகட்டி நின்ற படத்தில் கல்லின் தலை அவர் தோளுக்கு நேராக வருகிறது. நானும் அவரும் தையற்காரர் அளவுநாடாவைக் கொண்டு அவர் தோளுயரத்தை அளந்தோம். நாலரை அடிக்குச் சற்று மேலே. ஆனால் அன்று புல்லுக்குள் அவர் செருப்புடன் நின்றாரா, ஒரு காலை மடக்கி நின்றாரா என்பது தெரியவில்லை. “மச்சான், நேராக நின்றிருக்கலாமே” என்றேன். “நீ அப்போது சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் சொன்னது நியாயம். கமரா என் கையில் அல்லவா இருந்தது!

இளைஞர்களே, உங்கள் கைத்தொலைபேசியில் பன்னிரண்டு அன்று, பன்னிரண்டாயிரம் படங்கள் எடுக்கலாம். ஆனால் அளவும் திசையும் இடமும் இல்லாத பன்னிரண்டாயிரம், என் ஒன்பதுக்குச் சமம்தான்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலையைச் செய்தவர்களின் பாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. 1870, 71ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்பவர் இலங்கை அரசுக்காக அனுராதபுரத்தையும் பொலனறுவையையும் படம் பிடித்தார். கண்ணாடித் தகடுகளையும் பெரிய கமராவையும் காட்டுப் பாதையில் சுமந்து செல்ல வேண்டிய காலம் அது. 1872இல் அவர் இறந்துபோனார். நீலகிரியில் பிரீக்ஸ் என்னும் அதிகாரி மலைமேலுள்ள கல்வட்டங்களையும் ஈமக் குவைகளையும் ஆராய்ந்தார். அவரும் 1872இல் மறைய, மறுவருடம் அவருடைய நூல் ஒளிப்படங்களுடன் வெளிவந்தது. அவர்கள் தோண்டிய முறையை இக்காலத்தார் பலர் குறை கூறுவர். குறை கூற இடமும் உண்டு. எனினும் அப்படங்களை வைத்து இன்றும் ஆராய்கிறார்கள்.

நமக்கு அணித்தான மேற்குக் காடுகளையும் மறக்கலாகாது. 1907இல் சரசின் சகோதரர்கள் நில்கல குகையிலே கற்கருவிகளைக் கண்டனர். அடுத்து செலிக்மன் தம்பதியர் வேடரிடையே சென்று தங்கி, 1911இல் பெரிய நூலொன்றை வெளியிட்டனர். வேடப் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்துக் குகைச் சுவரில் வரைந்த உருவங்களும் அதில் பதிவாகியுள்ளன. மட்டக்களப்புக்கு வடக்கே தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றியும் அந்நூல் சொல்கிறது. சாம்பலால் வரைந்த ஓவியத்தின் மேல் ஒருவர் “படம் துலங்கட்டும்” என்று தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வெண்கட்டியால் கோட்டைத் தடவி எடுப்பதும் அவ்வளவே தீது. மங்கிய நிறத்தைப் பிரித்துத் துலக்கிக் காட்டக் கணினி முறைகள் இப்போது வந்துவிட்டன. சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு மீற்றர் நீளமான கமுகஞ் சலாகை. பத்துப் பத்துச் சதமமீற்றருக்குக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியது. அதைக் கல்லின் அருகே, கல்லில் முட்டாமல், நேராக நிறுத்துங்கள். முதலில் தூரத்தில் நின்று மலையோ குளக்கட்டோ பெருமரமோ தெரிய ஒரு படம். பிறகு நான்கு திசையிலிருந்தும். பிறகு அருகே சென்று. வெயில் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ எடுத்தால் கல்லிலுள்ள கொத்தடையாளமும் பள்ளமும் நிழலோடு எழுந்து தெரியும். குகை ஓவியத்துக்கோ மூட்டமான வேளையே நல்லது. ஒவ்வொரு படத்தின் எண்ணையும் குறிப்புக் கொப்பியில் எழுதுங்கள். ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் அளக்கட்டும். நான்காமவர் ஊரிலுள்ள முதியவரிடம் உட்கார்ந்து கதைக்கட்டும். தமிழ்நாட்டில் இக்கற்களைப் பாண்டவர் குழி என்றும், குரங்குப் பட்டடை என்றும், திருவண்ணாமலைப் பக்கம் வாலியர் வீடு என்றும் அழைக்கிறார்கள். குள்ளர்கள் வாழ்ந்த வீடாம்! வரலாறு அன்று என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெயர் வழங்கும் இடங்களைத் தேடிப்போயே பல சின்னங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஓடு கிடந்தால் எடுத்துப் பையில் போடாதீர்கள். நாமாக மண்ணைக் கிளறுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையை நினையுங்கள். 1980இல் பல்கலைக்கழகத்தார் முறையாக அகழ்ந்தபோது ஓர் ஈமக்குழியிலே முத்திரை ஒன்று கிடைத்தது. ஒரு வரி குறியீடு, ஒரு வரி பிராமி எழுத்து. அது யாருடன், எதன் அருகே, எந்த மண் படையில் கிடந்தது என்பது பதிவானதால் அன்றோ அதற்கு அவ்வளவு மதிப்பு! அதையே ஒரு சிறுவன் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தால், அது வெறும் உலோகத் துண்டு.

இன்னொன்று. இடத்தின் பெயரையும் வரைபடக் குறியையும் படத்தோடு முகநூலில் போடாதீர்கள். புதையல் தேடுவோரும் அதைப் பார்க்கிறார்கள். நான் அவ்வூரின் பெயரை மறைத்ததும் இதனாலேயே. அங்கே காட்டுக்குள் இன்னும் இரண்டு கற்கள் நிற்கின்றன என்று கேள்வி. விவரம் முழுவதையும் தொல்பொருட் திணைக்களத்துக்கும், ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ உள்ள பல்கலைக்கழகத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.

பெரியோர் சிலர் என்னிடம் தனியே கேட்டார்கள்: “இவை யாருடைய முன்னோர் கல்லறை என்று சொல்லுங்கள், மாஸ்டர்.” அவர்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. நம் பகுதியில் ஒரு கல் கிடந்தால் மூன்று பேர் உரிமை பேசுகிறோம். ஆனால் இப்பன்கட்டுவைக் காலக் கணிப்பை வைத்துப் பார்த்தால், மகிந்த தேரர் இத்தீவுக்கு வந்ததற்கும், அறபு வணிகர் இக்கரையில் இஸ்லாத்தைக் கொண்டுவந்ததற்கும் முந்தியவர்கள் இவர்கள். இன்றைய நம் பெயர்களை அவர்கள் தலையில் எழுத எனக்குத் துணிவில்லை. தென்னிந்தியாவோடு தொடர்புடையவர்கள் என்பது சான்றுள்ள செய்தி. அதை அச்சமின்றிச் சொல்வோம். அதற்கு மேல் ஏற்றிச் சொன்னால், அடுத்த வீட்டுக்காரன் அந்தக் கல்லைப் பாதுகாக்க வரமாட்டான், உடைக்கத்தான் வருவான்.

செயலாளர் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பயணம் பங்குனி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. மாரிப்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்திருக்கும். பற்றைகளும் சற்றுக் காய்ந்திருக்கும். வான் அதிகாலை 3 மணிக்கு இந்த மண்டப வாசலில் நிற்கும். சாய்ந்த வெயில் போகுமுன் நாம் அங்கு நிற்க வேண்டும். தண்ணீரும் தொப்பியும் அவரவர் பொறுப்பு. நானும் வருகிறேன். சலாகை முன்வரிசை நண்பரின் வீட்டில் இருக்கிறது. இம்முறை கல்லின் அருகே நிற்கப்போவது அந்தச் சலாகைதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.