குண்டர் சண்டை என்றால் விஷயம் முடிந்துவிடுமா?

(சுங்கை லாலாங்கில் தோட்டத்து மக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் சட்டம் பேசினால் தூக்கம்தான் வரும். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். ஒருவனை அவனுடைய இனத்தைப் பார்த்து அடித்தால் அதற்குக் கூடுதல் தண்டனை வேண்டுமா? அடித்தது குண்டர் கும்பல் என்றால், அப்போதும் அந்தச் சட்டம் பாய வேண்டுமா?

2001 மார்ச் மாதம் பெட்டாலிங் ஜெயா பக்கம் கம்போங் மேடானில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே குடியிருந்த நம்மவர்களில் பலர், தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கில் பலகை வீடு கட்டிக்கொண்டவர்கள். ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் சாவு வீடு, அதில் மூண்ட தகராறு. ஆனால் மார்ச் 8-க்குப் பிறகு வெட்டுப்பட்டவர்களில் பலருக்கு அந்தத் தகராறோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். வழிமறித்தவன் "நீ எந்தக் கும்பல்?" என்றா கேட்டான்? முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பிறகு என்ன நடந்தது? இனக் கலவரம் என்று சொல்ல மேலிடம் தயங்கியது. கைகலப்பு, குண்டர் வேலை என்ற பேச்சுதான் முன்னுக்கு வந்தது. அரச விசாரணை ஆணையம் அமைக்கப்படவில்லை. நடந்ததை எழுதிய வழக்கறிஞர் கா. ஆறுமுகத்தின் 'மார்ச் 8' நூலுக்குத் தடை வந்தது.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் கலகத்துக்கு 147, ஆயுதத்தோடு கலகம் செய்தால் 148, கொலைக்கு 302 என்று பிரிவுகள் இருக்கின்றன. "ஏன் இவனைத் தேடி அடித்தாய்?" என்று கேட்டு, அதற்காகத் தண்டனையைக் கூட்டும் பிரிவு இல்லை. இனங்களுக்கிடையே பகையைத் தூண்டினால் 1948 தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது. அது பேச்சுக்கு. (அதையும் யார் மேல் பாய்ச்சினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.)

லண்டனில் 1993-இல் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின மாணவனை வெள்ளைக்கார இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. போலிஸ் விசாரணை படுமோசம். தாயும் தந்தையும் விடவில்லை. 1999-இல் வந்த விசாரணை அறிக்கை, போலிஸ் துறைக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறிக் கிடக்கிறது என்று சொன்னது. அதற்கு முந்திய ஆண்டே, இனவெறியோடு தாக்கினால் கூடுதல் தண்டனை என்று அங்கே சட்டம் வந்திருந்தது. கொலையாளிகளில் இருவர் 2012-இல்தான் தண்டிக்கப்பட்டார்கள். கும்பலாக வந்து குத்தியதால் இனவெறி இல்லாமல் போய்விடவில்லை.

ஆகவே என் பதில், பாயத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. 04-ம் 36-ம் அடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள். அது இனவெறி அல்ல, வேலையும் படிப்பும் கைவிட்ட பிள்ளைகளின் கதை. அதே 2013-இல் 1959 குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையின்றி இரண்டு ஆண்டு அடைத்து வைக்க வழி செய்தார்கள். இனவெறிக் குற்றத்துக்கு என்று ஒரு சட்டம் கொண்டு வந்து அதையும் இதே மாதிரி நடத்தினால், உள்ளே போகப்போவது யார்? நம் வீட்டுப் பிள்ளைதான்.

பெயர் சூட்டுவது ஒன்றும் புதிதல்ல. இதோ பக்கத்து பீடோங்கில் 1947-இல், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடையை மறித்தது. துரைமார் அவர்களையும் மிரட்டல் கூட்டமாகத்தான் பார்த்தார்கள். போலிஸ் தடியோடு வந்தது.

அதனால் நாம் கேட்பது இதுதான். இனத்தைப் பார்த்து அடித்தான் என்பதைத் திறந்த நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். கும்பலில் இருந்தான் என்பது மட்டும் அதற்குச் சாட்சியாகாது. நம் பையன் ஒரு வங்காளதேசத் தொழிலாளியை "வந்தேறி" என்று சொல்லி அடித்தால், அதே சட்டம் அவன் மேலும் பாய வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

சட்டம் எப்போது வருமோ. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாராவது அடிபட்டுப் போலிஸில் புகார் கொடுக்கப் போனால், அடித்தவன் என்ன சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தான் என்பதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம்" என்றால் விடாதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். மலாய் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள்.