கொழுந்துக்குத் தராசு உண்டு, காத்திருப்புக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நாங்கள் தராசைப் பார்க்கிறோம். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்தால் ஏன் என்று கேட்கிறோம். ஒரு கிலோவுக்கே கணக்குக் கேட்கும் நாங்கள், வைத்தியசாலை வாங்கில் கழியும் ஒரு முழு நாளுக்கு எந்தக் கணக்கும் வைப்பதில்லை.

விடிவதற்கு முன் லயத்தை விட்டு இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, துண்டு எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. மருந்து இலவசம்தான். ஆனால் அன்றைய பேர் விழாது. அதனால்தான் பிரஷர், சீனி வருத்தம் உள்ள எங்கள் ஆட்கள் கிளினிக் நாளைத் தவறவிடுகிறார்கள். வருத்தம் முற்றிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

காத்திருப்பைக் குறைக்க வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும். அளக்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் 100க்கு 98 பேரை 4 மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2010இல் அது 95 ஆக்கப்பட்டது. நீண்ட காத்திருப்பு உண்மையாகவே குறைந்தது. ஆனால் நாலு மணித்தியாலம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில் பலர் அவசரமாக வார்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நோயாளியை உள்ளே எடுத்தால் மணிக்கூடு ஓடத் தொடங்கும் என்பதால், சில இடங்களில் அம்புலன்ஸ்களை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

ஆகவே முதல் கேள்வி, மணிக்கூடு எங்கே தொடங்குகிறது? துண்டு கொடுக்கும் நேரத்திலிருந்து எண்ணினால், அதற்கு முன் வரிசையில் நின்ற நேரம் கணக்கில் வராது. பஸ்ஸுக்கு நின்ற நேரமும் வராது. எங்களுக்கு அது லயத்து வாசலில் தொடங்குகிறது.

இரண்டாவது, சராசரியை மட்டும் நம்பக்கூடாது. ஒன்பது பேர் 20 நிமிடம் வீதம் காத்திருந்து, பத்தாவது ஆள் 5 மணித்தியாலம் காத்திருந்தால் சராசரி 48 நிமிடம். கேட்க நல்லாயிருக்கும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

மூன்றாவது, காத்திருந்து முடியாமல் திரும்பிப் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்?

இது டாக்டரோடும் தாதிமாரோடும் சண்டை பிடிப்பதற்கு அல்ல. ஆள் பற்றாத இடத்தில் அவர்களும் எங்களைப் போல வேலைப்பளுவில் வாடுகிறவர்கள்தான். கணக்கு இருந்தால், ஆள் போடுங்கள் என்று அவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்கலாம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கொப்பி வையுங்கள். வைத்தியசாலைக்குப் போய் வருபவர்களிடம் ஐந்து நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்: லயத்தை விட்டது, துண்டு எடுத்தது, டாக்டரைப் பார்த்தது, மருந்து கிடைத்தது, வீடு வந்தது. வெளியே வாங்கச் சொன்ன மருந்து உண்டா, தமிழில் பேச ஆள் இருந்தார்களா என்பதையும் எழுதுங்கள். நோயாளியின் பெயரும் வருத்தமும் அதில் வேண்டாம்.

அடுத்த பக்கத்தை நிரப்புவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எத்தனை டாக்டர் பதவிகள் அனுமதிக்கப்பட்டுள்ளன, எத்தனை வெற்றிடம், ஒரு நாளைக்கு எத்தனை வெளிநோயாளர் என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள்.