அத்தியாவசியப் பண்டம்

ஒரு சொல்லின் பொருளை அகராதியில் பார்த்து அறிவது ஒரு வகை. வாழ்ந்து பார்த்து அறிவது மற்றொரு வகை. அரசாங்க ஆணைகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு முதல் வகைதான் பழக்கம். ‘அத்தியாவசியப் பண்டங்கள்’ என்ற தொடரை எத்தனை முறை எழுதியிருப்போம்! 1955ஆம் ஆண்டில் அந்தப் பெயரிலேயே ஒரு சட்டம் வந்ததிலிருந்து அலுவலக மொழியில் ஊறிப்போன தொடர் அது. ஆனால் அதன் முழுப் பொருளை நாம் கற்றுக்கொண்டது 2020ஆம் ஆண்டின் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில், தலைநகர் தில்லியில், ஒரு மளிகைக் கடை வாசலிலேதான்.

நேயர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்கமாட்டா. மார்ச்சு 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் மக்கள் ஊரடங்கு நடந்தது. மறுநாள் காலையிலேயே தில்லி தன் கதவுகளை அடைத்துக்கொண்டது. 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் முடக்கம் என்று அறிவித்தார். அந்த 21 நாள் பின்னர் மே 3 வரையிலும், 17 வரையிலும், 31 வரையிலும் நீண்டுகொண்டே போயிற்று. தமிழில் அதற்கு ‘ஊரடங்கு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் கிராமங்களில் ஊரடங்கும் வேளை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து, திண்ணைப் பேச்சும் ஓய்ந்து, எல்லோரும் நிம்மதியாகக் கண்ணயரும் வேளை. 2020இல் ஊர் அடங்கிற்று. நிம்மதி மட்டும் வரவில்லை.

பிரதமரின் பேச்சு முடிந்து ஐந்து நிமிஷம் ஆகியிராது. நம் குடியிருப்பில் பாதிப்பேர் பையும் கையுமாகத் தெருவில் நின்றோம். மளிகைக் கடைகள் திறந்திருக்கும், பாலும் காய்கறியும் மருந்தும் கிடைக்கும் என்று அன்று வெளியான ஆணையிலேயே சொல்லியிருந்தது. ஆணையைப் படித்துப் பொருள் கொள்வதே நம் பிழைப்பு. ஆயினும் பயம் வந்த இடத்தில் படிப்பு நிற்பதில்லை. நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் லாலாஜியின் கடையில், தென்னாட்டாருக்கென்று தருவித்து வைத்திருந்த புழுங்கலரிசியில் மிச்சமிருந்தது ஒரே மூட்டை, 25 கிலோ. அதை நாம் எடுத்துக்கொண்டோம். “பகன்ஜி, கடை எங்கும் ஓடிப்போகாது. உங்கள் வீட்டில் மூன்று பேர்தானே?” என்று லாலாஜி இந்தியில் கேட்டார். காது கேளாதவர்போல் பணத்தை நீட்டினோம். நமக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன வாங்கிச் சென்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் முதல் கடைக்குப் போவதே ஒரு சடங்காயிற்று. வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள், வட்டத்துக்கு ஒருவர். எல்லோர் முகத்திலும் துணிக்கவசம். கடைக்குக் குறுக்கே கயிறு. பட்டியலைச் சீட்டில் எழுதிக் கயிற்றுக்கு அப்பால் நீட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். வீடு திரும்பியதும் பைக்கும், காசுக்கும், பால் உறைக்கும் சோப்புக் குளியல். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவத்தோடு கத்தரிக்காயைக் குளிப்பாட்டினோம்! அந்நோய் பெரும்பாலும் மூச்சின் வழியாகவும் அடைபட்ட காற்றின் வழியாகவுமே பரவுவது, பொருள்களைத் தொட்டுப் பரவுவது அரிது என்பதெல்லாம் பின்னால் தெளிவானவை.

சமையலறையில் நடந்த மாறுதல்களைத் தில்லித் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு புராணமாகப் பாடலாம். புளி தீர்ந்தது, எலுமிச்சம்பழம் பிழிந்து ரசம் வைத்தோம். தேங்காய் அபூர்வமாயிற்று. முருங்கைக்காய் கண்ணிலேயே படவில்லை. தள்ளுவண்டியில் வந்தவை சுரைக்காயும் டிண்டாவுந்தாம். ஆகவே டிண்டாவைச் சாம்பாரில் போட்டோம். வடநாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் நம்முடைய நாக்கு மட்டும் இன்னும் குடிபெயரவில்லை என்பது அப்போது தெரிந்தது.

இந்தச் சுரைக்காயாவது எங்கிருந்து வந்தது என்று முன்பு நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? தில்லிக்குக் காய்கறி வழங்கும் ஆசாத்பூர் மொத்தச் சந்தையில் அந்த ஏப்ரலில் கூட்டத்தைக் குறைக்கக் கொட்டகைகளை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பிரித்து மாற்றி மாற்றித் திறந்தார்கள். அச்சந்தையின் வணிகர்களிடையே நோயும் பரவிற்று, மரணமும் நேர்ந்தது. ஆயினும் சந்தை நடந்தது. முடக்கத்தின் முதல் நாட்களில் லாரிகள் மாநில எல்லைகளில் வரிசை வரிசையாக நின்றன. எல்லாச் சரக்குகளும் போகலாம் என்று மார்ச்சு 29இல் மத்திய அரசு விளக்கம் தந்த பிறகும், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகள் மூடிக்கிடந்தமையால், ஊருக்கெல்லாம் உணவு கொண்டுவந்த ஓட்டுநர்கள் வழியில் உணவின்றித் தவித்தார்கள். பயணிகள் ரயில் நின்ற தண்டவாளங்களில் தானிய ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாம் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக, இத்தனை பேர் வீட்டில் இராமல் வெளியே இருந்தார்கள்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் தொலைபேசி ஒலித்தது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கிவந்த அம்மாள் பேசினார். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்தவர், கணவர் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவர், இரண்டு குழந்தைகள். குடியிருப்பின் வாயிற்கதவு வெளியாருக்கு அடைக்கப்பட்டதிலிருந்து அவரை நாம் பார்க்கவில்லை. அந்த மாதத்துச் சம்பளத்தைப் பற்றியும் நாம் நினைக்கவில்லை. “அக்கா, எல்லாரும் சௌக்கியமா?” என்று முதலில் நம் நலத்தைத்தான் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, “கொஞ்சம் அரிசி இருந்தா குடுங்க அக்கா, சம்பளத்துல கழிச்சுக்கலாம். லாலா கடையில புழுங்கலரிசி அன்னைக்கே தீந்துபோச்சாம்” என்றார்.

அந்த அரிசி எங்கே போயிற்று என்பதை அவர் அறியார். நாம் அறிவோம். மூட்டை சமையலறை மூலையில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

நாட்டில் தானியம் இல்லாமற் போயிற்றா என்றால், இல்லை. அந்த மார்ச்சு மாதத்தில் மத்திய அரசின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. 26ஆம் தேதியே, ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு மூன்று மாதங்களுக்குத் தலைக்கு 5 கிலோ தானியம் இலவசம் என்று அறிவித்தார்கள். இந்த அம்மாளின் குடும்பத்துக்கும் அட்டை உண்டு. ஆனால் அது விழுப்புரத்துக் கிராமத்தில், மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அட்டை இருந்த இடத்தில் தானியம் கிடைத்தது. வயிறு இருந்த இடத்தில் கிடைக்கவில்லை. தில்லியில் அட்டையில்லாதவருக்கும் தானியம் தர ஏற்பாடு இருந்தது. தலைக்கு 5 கிலோ, பெரும்பகுதி கோதுமை. அதற்குக் கைப்பேசியில் விண்ணப்பித்துச் சீட்டுப் பெறவேண்டும். அந்த வேலைதான் அவருக்கு எட்டாததாயிருந்தது.

மூட்டையில் இருந்ததை இரண்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைக் காவலாளி மூலம் கதவுக்கு வெளியே சேர்ப்பித்தோம். சம்பளத்தைக் கழிக்காமல் கொடுத்தோம். விண்ணப்பத்தை நாமே நிரப்பினோம். அரை மணி நேரங்கூடப் பிடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் அழைக்கும் வரையில் நமக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கத்தோடு சொல்லுகிறோம்.

லாலாஜியிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பற்றுவரவு நோட்டைத் திறந்து காட்டினார். அந்தக் குடிசைத் தெருவில் பாதி வீடுகளின் பற்று அதில் ஏறியிருந்தது. மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு. “எப்போது தருவார்கள்?” என்று கேட்டோம். “வேலை வரும்போது” என்று சொல்லி நோட்டை மூடினார்.

இப்போது நிலைமை ஒருவாறு மாறியிருக்கிறது. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ என்ற ஏற்பாடு 2019இல் சில மாநிலங்களுக்கிடையே தொடங்கிற்று. தமிழ்நாடு 2020 அக்டோபரிலும், தில்லி 2021 ஜூலையிலும் அதில் சேர்ந்தன. 2022 ஜூனுக்குள் நாடு முழுவதும் பரவிற்று. அதன்படி ஊரில் உள்ள அட்டையின் எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, விரல்ரேகை வைத்து, எந்த மாநிலத்து நியாயவிலைக் கடையிலும் தானியம் பெறலாம். குடும்பத்தின் ஒரு பகுதி ஊரிலும் ஒரு பகுதி வெளியூரிலும் இருந்தால், பங்கைப் பிரித்தும் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் எல்லா அட்டைகளுக்கும் இது பொருந்தாது. முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் மட்டுமே பொருந்தும். கிடைப்பதும் மத்திய அரசு ஒதுக்கும் தானியமே. ஊரில் கிடைக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே கிடையா. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு அத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது.

ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது உள்ளதென்று அறியாதார்க்கு இல்லாததே. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களே, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் தமிழ்ப் பெண்மணியையும், சுவருக்கு வெள்ளை அடிக்க வரும் தமிழரையும் நாளைக்கே கேளுங்கள்: உங்கள் அட்டை எங்கே இருக்கிறது? எந்த வகை அட்டை? ஆதார் எண் அதில் இணைந்திருக்கிறதா? தெரியாது என்றால், உடன் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. இன்னொரு முறை ஊர் அடங்கும் நாள் வரவேண்டாம். வந்தாலும், அன்று அவர்கள் நம்மைத் தயங்கித் தயங்கி அழைக்கவேண்டிய நிலை வரவேண்டாம்.

‘அத்தியாவசியம்’ என்ற சொல்லை இன்றும் வாரத்துக்கு நாலைந்து முறையாவது எழுதுகிறோம். எழுதும்போதெல்லாம் அந்த மூட்டை நினைவுக்கு வருகிறது. நம் வீட்டில் இப்போது ஐந்து கிலோவுக்குமேல் அரிசி வாங்குவதில்லை.