கார்னிங்: ஒரு கண்ணாடி கம்பெனியோட வருஷக் கணக்கைப் படிப்போம்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பாண்டிச்சேரியிலிருந்து பேசறேன்.

போன வாரம் நேரு வீதியில ஃபோனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்ட ஒரு கடையில நின்னுட்டிருந்தேன். பக்கத்துல ஒரு காலேஜ் பையன், "அண்ணா, இது கொரில்லா கிளாஸா?"ன்னு கேட்டான். கடைக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கொரில்லா உன் ஃபோன்லயே இருக்குப்பா. நான் ஒட்டறது அதுக்கு மேல போடற சட்டை மாதிரி."

அந்த "உன் ஃபோன்லயே இருக்கிற" கண்ணாடியைச் செய்யற கம்பெனி கார்னிங். நியூயார்க் மாநிலத்துல கார்னிங்னு ஒரு சின்ன ஊர்ல இருக்கு. 1851-ல ஆரம்பிச்ச கம்பெனி. கண்ணாடியும் செராமிக்கும்தான் அவங்க தொழில். இன்னிக்கு அவங்களோட 2024 வருஷக் கணக்கைப் பத்தியும், அதன் தலைவர் வெண்டல் வீக்ஸ் பத்தியும் பேசப்போறேன்.

நமக்கு எதுக்கு அமெரிக்கக் கம்பெனிக் கணக்கு? காரணம் இருக்கு. 2024 ஜனவரியில சென்னையில நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டுல, கார்னிங்கும் இந்தியாவின் ஆப்டிமஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கின 'பாரத் இன்னோவேஷன் கிளாஸ் டெக்னாலஜீஸ்' தமிழ்நாடு அரசோட ஒரு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல பிள்ளைப்பாக்கம் சிப்காட்ல ஃபோன் கண்ணாடித் தொழிற்சாலை. அறிவிச்ச முதலீடு 1,003 கோடி ரூபாய், வேலை 840 பேருக்கு. நம்ம ஊர்லேருந்து திண்டிவனம் வழியா மூணு மணி நேரப் பயணம். இதைக் கேட்கிற உங்கள்ல சிலர் நாளைக்கு அங்கே இன்டர்வியூவுக்குப் போகலாம். போற இடத்தோட கணக்கைப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

ஒரே வருஷம், ரெண்டு கணக்கு

2025 ஜனவரியில கார்னிங் தன்னோட 2024 கணக்கை வெளியிட்டது. அதுல விற்பனைக்கு ரெண்டு எண் இருக்கு. அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி 1,312 கோடி டாலர். கம்பெனி "கோர்" என்று சொல்கிற கணக்கில் 1,447 கோடி டாலர். லாபத்துல வித்தியாசம் இன்னும் பெரிசு. ஒரு பங்குக்கு விதிப்படி 58 சென்ட், கோர் கணக்குல 1 டாலர் 96 சென்ட். மூணு மடங்குக்கும் மேல! தலைப்புச் செய்தியில வந்தது கோர் கணக்குதான்: விற்பனை 7 சதவீதம் கூடியது, பங்குக்கான லாபம் 15 சதவீதம் கூடியது.

உடனே "ஏமாத்துறாங்க"ன்னு முடிவு கட்டிடாதீங்க. நம்ம ஊர் உதாரணம் சொல்றேன்.

பாண்டிச்சேரியில பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா குடும்பங்கள் இருக்கு. தாத்தாவுக்கு பென்ஷன் யூரோவுல வரும். யூரோ தொகை மாறாது, ஆனா ரூபாயா மாத்தும்போது ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். நோட்டுல வரவு எழுதற பாட்டி, "மாசாமாசம் ரேட்டு மாறினா எனக்குக் கணக்கு புரியாது, யூரோவுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டை வெச்சு எழுதறேன்"னு சொன்னா எப்படி? வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட அது வசதி. ஆனா பேங்க்ல நிஜமா விழுந்த தொகை வேற.

கார்னிங் செய்யறதும் கிட்டத்தட்ட இதுதான். டிவி, கம்ப்யூட்டர் திரைகளுக்கான கண்ணாடியை ஆசியாவுல இருக்கிற பேனல் கம்பெனிகளுக்கு ஜப்பான் யென்னில் விற்கிறாங்க. 2024-ல ஒரு டாலருக்குச் சுமார் 150 யென். ஆனா கோர் கணக்குல ஒரு டாலருக்கு 107 யென் என்று நிலையா வெச்சுக்கிட்டாங்க. 10,700 யென்னுக்கு வித்த கண்ணாடி கோர் கணக்குல 100 டாலர், சந்தை ரேட்டுல 71 டாலர்தான்.

இதுல ஒரு நியாயமும் இருக்கு. யென் விழும்னு பயந்து முன்கூட்டியே நாணயப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் வாங்கி வெச்சிருந்தாங்க. விழுந்த நஷ்டத்துல பெரும்பகுதி அந்த ஒப்பந்தங்கள் வழியா பணமா திரும்பி வந்தது. ஆனா ஒப்பந்தத்துக்குக் காலாவதி உண்டு. அதனாலதான் 2024 இரண்டாம் பாதியில திரைக் கண்ணாடி விலையைப் பத்து சதவீதத்துக்கும் மேல ஏத்தினாங்க. 2025-லேருந்து 107-ஐ விட்டு 120 யென்னுக்கு மாறினாங்க. பாட்டி நோட்டு ரேட்டைத் திருத்தின மாதிரி.

ரெண்டு லாபத்துக்கும் நடுவுல இருக்கிறது யென் மட்டும் இல்லை. சீரமைப்புச் செலவு மாதிரி சிலதையும் "வழக்கமானது இல்லை"ன்னு தனியே எடுத்து வெச்சிடறாங்க. அதனால, எந்தக் கம்பெனியா இருந்தாலும் ரெண்டு எண்ணையும் பாருங்க. நடுவுல இருக்கிற இடைவெளி ஏன்னு கேளுங்க. பதில் பெரும்பாலும் அதே அறிக்கையில பின் பக்கத்துல அட்டவணையா இருக்கும்.

எது ஓடுது, எது சம்பாதிக்குது

அடுத்தது பிரிவுகள். 2024-ல பெரிய பிரிவு ஆப்டிகல் ஃபைபர்: சுமார் 466 கோடி டாலர், முந்தைய வருஷத்தைவிட 16 சதவீதம் அதிகம். காரணம் ஏஐ. டேட்டா சென்டருக்குள்ள ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒண்ணோட ஒண்ணு பேசணும், அதுக்கு ஏராளமா கண்ணாடி இழை வேணும்.

திரைக் கண்ணாடிப் பிரிவு விற்றது 387 கோடி டாலர்தான். ஆனா லாபத்துல அதுதான் முதல்: சுமார் 100 கோடி. ஃபைபர் தந்தது சுமார் 61 கோடி. பரபரப்பு ஒரு பக்கம், வருமானம் இன்னொரு பக்கம். நம்ம கடைத்தெருவுலயும் போர்டு பெரிசா இருக்கிற கடைக்குத்தான் கல்லா பெரிசுன்னு சொல்ல முடியாதே!

கொரில்லா கிளாஸ் இருக்கிற பிரிவு சுமார் 202 கோடி. செராமிக் பிரிவு சுமார் 167 கோடி, 6 சதவீதம் சரிவு. இந்த செராமிக் நம்ம கண்ணுல படாது. வண்டி சைலன்ஸர் வழியில தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகளோட ஒரு செராமிக் கட்டி இருக்கும். அதன் மேல பூசின உலோகம் புகையில இருக்கிற விஷ வாயுக்களை மாத்தும். 1970-களின் ஆரம்பத்துல அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தை இறுக்கினபோது கார்னிங் கண்டுபிடிச்ச வடிவம் அது. 2024-ல வட அமெரிக்காவுல லாரி உற்பத்தி குறைஞ்சது, இதுவும் குறைஞ்சது. சட்டம் இறுகினா ஏறும், லாரி நின்னா இறங்கும்.

தலைவரோட மோசமான வருஷம்

இப்போ வெண்டல் வீக்ஸ். 1983-ல கம்பெனியில சேர்ந்தவர். 2005-லேருந்து தலைமைச் செயல் அதிகாரி. நல்ல வருஷத்தைப் பார்த்து ஒரு தலைவரை எடை போட முடியாதுங்கிறது என் கருத்து. அதனால பின்னாடி போவோம்.

1990-களின் கடைசியில இன்டர்நெட் அலை. உலகமே ஃபைபர் கேட்டது. கார்னிங் தொழிற்சாலை மேல தொழிற்சாலை கட்டினது, கம்பெனிகளை வாங்கிப் போட்டது. அந்த ஃபைபர் பிரிவுக்குப் பொறுப்புல இருந்தவர் யார்? இதே வீக்ஸ். 2000 செப்டம்பர்ல பங்கு விலை 110 டாலரைத் தாண்டினது. அப்புறம் குமிழி உடைஞ்சது. 2001-ல நஷ்டம் சுமார் 550 கோடி டாலர். 2002 அக்டோபர்ல பங்கு ஒன்றரை டாலருக்கும் கீழே! ஆயிரக்கணக்கானவங்க வேலை போச்சு. இதை ஒரு வரியில கடந்து போறேன்னு நினைக்காதீங்க. சின்ன ஊரு அது. அந்த ஊர்ல கம்பெனி ஆள் குறைச்சா டீக்கடை வரைக்கும் அடி விழும்.

ஓய்வு பெற்றிருந்த ஜேமி ஹோட்டன், நிறுவனரோட வம்சத்துல வந்தவர், 2002-ல மறுபடி தலைமைக்கு வந்தார். அவர் ரெண்டு முடிவு எடுத்தார். ஒண்ணு, ஆராய்ச்சிக் கூடத்தை மூடலை. ரெண்டு, வீக்ஸை வெளியே அனுப்பலை. அதே வருஷம் அவரைத் தனக்கு அடுத்த இடத்துல உட்கார வெச்சார்.

ஆராய்ச்சியை ஏன் காப்பாத்தணும்? அவங்க சரித்திரத்தைப் பார்த்தா புரியும். 1970-ல மாரர், கெக், ஷுல்ட்ஸ்னு மூணு பேர் ஒளியைத் தொலைதூரம் கொண்டு போற இழையை முதல்ல செஞ்சு காட்டினாங்க. முதல் பெரிய ஆர்டர் வந்தது 1980-களில்தான். பத்து வருஷத்துக்கு மேல காத்திருப்பு. 1960-களில் வேதியியல் முறையில உறுதியாக்கின ஒரு கண்ணாடியைக் கண்டுபிடிச்சாங்க. வாங்க ஆள் இல்லை, ஓரம் கட்டி வெச்சாங்க. 2007-ல ஐஃபோனுக்குக் கீறல் விழாத கண்ணாடி வேணும்னு ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தப்போ, அந்தப் பழைய அறிவைத்தான் தூசி தட்டினாங்க. கென்டக்கி மாநிலத்து ஹாரட்ஸ்பர்க்ல திரைக் கண்ணாடி செஞ்சுக்கிட்டிருந்த ஆலையைச் சில மாசத்துல மாத்தி, அந்த வருஷமே கண்ணாடி கொடுத்தாங்க. அப்போ தலைவர் வீக்ஸ். 2002-ல செலவு மிச்சம்னு அந்தக் கூடத்தைப் பூட்டியிருந்தா, 2007-ல கொடுக்கக் கையில என்ன இருந்திருக்கும்?

அதே ஃபைபர், அதே ஆள்

2024 கணக்கோட நிஜமான கேள்வி இங்கேதான் இருக்கு. மறுபடியும் ஃபைபர், மறுபடியும் ஒரு அலை, மறுபடியும் வீக்ஸ். 2000-ல இன்டர்நெட், இப்போ ஏஐ. இதுவும் உடைஞ்சா?

அவர் பாடம் படிச்சதுக்கு அடையாளம் தெரியுது. "ஸ்பிரிங்போர்டு"னு ஒரு திட்டம் போட்டிருக்காங்க: 2026 கடைசிக்குள்ள வருஷ விற்பனை வேகத்தை 300 கோடி டாலர் கூட்டணும். 2025 மார்ச்ல அந்த இலக்கை 400 கோடியா உயர்த்தினாங்க. பெரும்பாலும் ஏற்கெனவே கட்டி வெச்சிருக்கிற ஆலைகளை வெச்சே இதைச் செய்வோம்கிறது அவங்க வாதம். வாடிக்கையாளர்கிட்ட முன்கூட்டியே உறுதி வாங்கறாங்க. 2024 ஆகஸ்ட்ல லூமென் நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு கார்னிங் ஃபைபர் உற்பத்தித் திறன்ல 10 சதவீதத்தை ஒதுக்கி வெச்சுக்கிட்டது. 2025 ஆகஸ்ட்ல ஆப்பிள், ஹாரட்ஸ்பர்க் ஆலையில தன் ஃபோன் கண்ணாடி செய்ய 250 கோடி டாலர் போடறதா அறிவிச்சது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ஒருசில பெரிய வாடிக்கையாளரை நம்பி நிக்கறது எப்பவும் ஆபத்து. சந்தையில நீங்களே பெரிய ஆளா இருக்கிறதும் சிக்கல். ஃபோன் தயாரிப்பாளர்கள் கண்ணாடியை முழுசா, இல்லை பெரும்பகுதி, தன்கிட்டயே வாங்கணும்னு கார்னிங் போட்ட ஒப்பந்தங்களை ஐரோப்பிய ஆணையம் 2024 நவம்பர்ல விசாரிக்க ஆரம்பிச்சது. அந்த நிபந்தனைகளைக் கைவிடறேன்னு கார்னிங் கொடுத்த வாக்குறுதியை 2025 ஜூலையில ஏத்துக்கிட்டாங்க. லாப நஷ்ட அட்டவணையில இது ஒரு வரியாக்கூட தெரியாது.

இருபது வருஷமா ஒரே தலைவர்ங்கிறதும் யோசிக்க வேண்டியதுதான். விழுந்து எழுந்த அனுபவம் அவருக்கு இருக்கு. அடுத்து வர்றவருக்கு அது இருக்குமா?

நம்ம ஊர் கண்ணாடி

முடிக்கறதுக்கு முன்னாடி அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு, வீக்கெண்ட்ல சைக்கிள்ல போயிருப்பீங்க. சுமார் 2,000 வருஷம் முன்னாடி அங்கே கண்ணாடி மணி செஞ்சாங்க. உருகின கண்ணாடியை நீளக் குழாயா இழுத்து, ஆற வெச்சு, பொடிப் பொடியா நறுக்கி மணி ஆக்கினாங்க. ஃபைபரும் அடிப்படையில சூடான கண்ணாடியை இழுக்கிறதுதான். நம்ம ஆளுங்களுக்கு அந்தக் கைத்திறன் இருந்தது. வெளிநாட்டுச் சந்தையும் இருந்தது. 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோம் நாட்டுப் பானை ஓடுகளும் கிடைச்சது. இன்னிக்கு அங்கே இடிஞ்ச சுவரும் மரங்களும்தான்.

பிள்ளைப்பாக்கத்துல ஃபோன் கண்ணாடியை அளவுக்கு வெட்டி மெருகேத்தற வேலை வருதுன்னா சந்தோஷம். ஆனா புதுக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கிற கூடம் எங்கே இருக்கும்? மோசமான வருஷம் வந்தா எது முதல்ல மூடும்? இன்டர்வியூல "எங்களைக் கேட்க ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்பாங்களே, அப்போ இதைக் கேளுங்க. சம்பளத்தைக் கேட்ட பிறகு கேட்டாலும் பரவாயில்லை!