விரல் நுனியில் ஒரு நொதி



தொடுதல் பற்றி விஞ்ஞானம் கூறும் செய்தியொன்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

உயிரணுவில் டி.என்.ஏ. மூல ஆவணம், அதிலிருந்து படியெடுத்த ஆணைச்சீட்டே ஆர்.என்.ஏ. அச்சீட்டைப் படித்துப் புரதம் கட்டுவது ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்தமைக்காகச் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலை முடிந்த சீட்டைக் கிழிக்கவும் ஆள் வேண்டுமன்றோ? கிழிக்காவிடில் வேண்டாத புரதம் பெருகிக்கொண்டே போகும். கிழிப்பவை ரைபோநியூக்ளியேஸ் நொதிகள்.

அவற்றுள் புகழ்பெற்றது மாட்டின் கணையத்தில் உள்ளது. 124 அமினோ அமிலங்கள் கொண்டது. கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாதது. மாடு அறுப்பதை இழிதொழில் என்றவர்கள் உண்டு. அந்தக் கணையத்து நொதியை ஆராய்ந்த மூவருக்கு 1972இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது!

இந்நொதியின் இனம் மனிதத் தோலிலும் உண்டு. 2002இல் ஜெர்மனியில் கண்டறிந்த ரைபோநியூக்ளியேஸ் 7 தோலில் சுரந்து கிருமிகளைக் கொல்கிறது. ஆகவே ஆர்.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் கையுறை கட்டாயம். பேராசிரியராயினும் குழாய் கழுவுபவராயினும், வெறும் விரல் பட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும்.

தேநீர்க் கடையில் தனிக்குவளை பார்த்து வளர்ந்தவன் நான். அந்த விதியை முதன்முதல் கண்டபோது இருமுறை படித்தேன்.