ஐம்பது நாள் வசூல்

புளியறையில் ஒரு வைக்கோல்போர் பற்றினால் சேதி செங்கோட்டைக்குப் போக அரைமணி போதும். அந்தக் காலத்துச் சேதிக்கு அவ்வளவு வேகமில்லை. 1812 மார்ச் 11 இரவு, வங்காளத்துச் செராம்பூரில் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் எரிந்தது. அங்கிருந்த மிஷனரி வில்லியம் கேரியின் அகராதிக் கையெழுத்துப்படியும் காகிதக் கட்டுகளும் சாம்பல்; ஈய எழுத்துகள் உருகி ஓடிவிட்டன. எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பின. சேதி கப்பலேறி இங்கிலாந்து சேரச் செப்டம்பர் ஆயிற்று.

அங்கே மிஷன் சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் சபை சபையாகச் சொன்னார். சுமார் 50 நாளில் 10,000 பவுண்டு சேர்ந்தது! பிற சபையாரும் கொடுத்தார்கள். இரக்கம் மட்டும் காரணமில்லை என்பேன். கொடுத்தவர்கள் கேரி கூட்டத்தாரின் கடிதங்களைப் பல ஆண்டுகளாக அச்சில் வாசித்துவந்தவர்கள். எரிந்தது யாருடைய உழைப்பென்று அவர்களுக்குத் தெரியும். செராம்பூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. உருகிய ஈயத்தையே மறுபடி வார்த்து, அதில் அச்சடித்த தாள்களை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்கள்.