நிலாவுக்கு ஊட்டியவர்

மேகங்களுக்கு நடுவே எண்கோண வடிவில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கூரை வழியே நட்சத்திர ஒளி குழாயில் இறங்கி, மேசையில் பொருத்திய அரவைப்பொறிக்குள் வருகிறது. ஒரு கையால் அதைச் சுழற்றிக்கொண்டே, அரைபட்ட கூழை மறுகையால் கரண்டியில் எடுத்து, கூண்டில் அடைபட்ட பிறைநிலாவுக்கு ஊட்டுகிறாள். முகத்தில் வியப்பு இல்லை. அன்றாடம் செய்து செய்து அலுத்த வேலையின் களைப்புதான் தெரிகிறது.

சர்ரியலிச ஓவியர் ரெமெடியோஸ் வாரோ 1958இல் தீட்டிய ஓவியம் இது. சர்ரியலிசம் என்றாலே உருகி வழியும் கடிகாரம், ஓவியர் டாலியின் முறுக்கு மீசை என்று நின்றுவிடுகிறோம். வாரோ நம்மிடம் போதிய அளவு வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

1908இல் ஸ்பெயினில் பிறந்தவர். அப்பா நீர்ப்பொறியாளர், தம் தொழில்நுட்ப வரைபடங்களை மகளைப் படியெடுக்க வைத்தார். அந்தக் கைப்பழக்கம் கடைசிவரை போகவில்லை. அவர் வரைந்த வினோத வண்டிகளில் சக்கரமும் கப்பியும் கயிறும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். ஓட்டிப் பார்க்கலாம் என்றே தோன்றும்.

1937இல் கவிஞர் பெஞ்சமின் பெரேவுடன் பாரிஸ். நாஜிகள் நுழைந்த பிறகு, 1941இல் மெக்ஸிகோவுக்குத் தப்பினார். அங்கே பிழைப்புக்காக மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படம் வரைந்தார். இடையில் வெனிசுலா சென்று மலேரியா ஒழிப்புப் பணிக்காகக் கொசுக்களையும் வரைந்தார். முழுநேரமும் தன் ஓவியத்துக்கென்று கிடைத்தது, நாற்பதைத் தாண்டிய பிறகுதான். வால்டர் குருயென் என்ற துணைவர் தந்த ஆதரவில் வந்த பத்தாண்டு அது. நமக்குத் தெரிந்த வாரோ பெரும்பாலும் அந்தப் பத்தாண்டுதான்.

இளமையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். 1961இல் அதற்கு ஓர் ஓவியத்தால் பதில் சொன்னார் என்றே சொல்வேன். கோபுரத்துக்குள் ஒரே சாயலில் பெண்கள் வரிசையாக அமர்ந்து துணியில் பூவேலை செய்கிறார்கள். துணி சன்னல்வழி வழிந்து நிலமாகவும் நீராகவும் வீடுகளாகவும் விரிகிறது. மேற்பார்வையாளர் பின்னால் நிற்கிறார். அவருக்குத் தெரியாமல் ஒருத்தி துணி மடிப்பில் தன்னையும் காதலனையும் தைத்து வைத்திருக்கிறாள்! அடுத்த ஓவியத்தில் இருவரும் தப்பியே போகிறார்கள்.

1963இல், 54 வயதில், மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

குருயென் கொடையளித்த வாரோவின் ஓவியங்கள் மெக்ஸிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நல்ல அச்சுப்பிரதி கிடைத்தால், அவசரப்படாமல் முதலில் கைகளைப் பாருங்கள். அவர் வரைந்த பெண்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையில் இருப்பார்கள்.